லான் பவுல்ஸ் மகளிர் அணிப் போட்டி: செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருஷமாக, முகூர்த்தம் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில், பள்ளத்தூரில் நாங்கள் சில பெண்கள் லான் பவுல்ஸ் பழகுகிறோம். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். எங்கள் தெருவில் ஓர் ஆச்சி தன் வீட்டில் பந்தி போடும் நீள ஹாலைத் திறந்துவிடுகிறார். பந்து உருளும் சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பவர்களும், பிள்ளைகளைக் கொண்டுவந்து விடும் அம்மாக்களும், திருவிழாவில் பார்க்கும் சொந்தக்காரர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். உலகப் போட்டியில் பெண்கள் அணிக் கோப்பையை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணக்குதான்.

இது கோலிக்குண்டு மாதிரிதானே?

ஓர் அப்பத்தா கேட்ட கேள்வி இது. “ஏத்தா, கோலிக்குண்டைப் பெருசாக்கி வச்சிருக்கீகளா?” என்றார். பாதி சரிதான் என்றேன்.

முதலில் ஜாக் என்கிற சின்ன வெள்ளைப் பந்தை உருட்டிவிடுவார்கள். நாம் நிற்கும் பாயிலிருந்து அது 23 மீட்டராவது தள்ளிப் போய் நிற்க வேண்டும். அப்புறம் இரண்டு அணிகளும் மாற்றி மாற்றிப் பெரிய பந்துகளை அதை நோக்கி உருட்டும். எல்லாப் பந்தும் உருண்டு நின்ற பிறகு, ஜாக்குக்குப் பக்கத்தில் யார் பந்து இருக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. ஜாக்குக்கு மிக அருகில் உள்ள எதிரணிப் பந்தைவிட நெருக்கமாக நம் பந்துகள் எத்தனை கிடக்கின்றனவோ, அத்தனை புள்ளி நமக்கு. எதிரணிக்கு அந்தச் சுற்றில் ஒன்றும் கிடையாது. இப்படி ஒரு பக்கம் உருட்டி முடிப்பது ஓர் ‘எண்ட்’. அடுத்த எண்டை அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமாக உருட்டுவார்கள்.

எதிரணியின் பந்தை அடித்து விரட்டலாம், ஜாக்கையே தள்ளிக்கொண்டு போகலாம், எல்லாம் விதிக்கு உட்பட்டதுதான். ஆனாலும் ஜாக்கை உரசியபடி மெதுவாக வந்து நிற்கும் ஒரு பந்துக்குத்தான் மைதானமே கைதட்டும்.

பந்து நேராகப் போகாமல் ஏன் வளைகிறது? உள்ளே ஈயம் வைத்திருக்கிறார்களா?

இல்லை. வடிவமே அப்படி. பார்க்க உருண்டையாகத் தெரிந்தாலும் ஒரு பக்கம் சற்றே தட்டையாகக் கடைந்திருக்கும். அந்தக் கோணலுக்கு ‘பயாஸ்’ என்று பெயர். பந்தின் இரண்டு பக்கத்திலும் வட்ட அடையாளம் இருக்கும். சின்ன வட்டம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் பந்து வளையும். மாற்றிப் பிடித்துவிட்டால் பந்து பக்கத்து ஆட்டக்காரர்களின் பாதைக்கே போய்விடும். முதல் மாதம் எங்களில் எல்லோருக்கும் இது நடந்தது.

வேகமாக உருளும்போது வளைவு குறைவு. வேகம் தணியத் தணிய வளைவு கூடும். பாதையின் கடைசிப் பகுதியில்தான் பந்து நன்றாகத் திரும்பும். அதனால் ஜாக்கைப் பார்த்து உருட்டினால் ஜாக்குக்கு வராது. ஓரமாக, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்த்து உருட்ட வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு இதைப் பழக்குவதற்குத்தான் எனக்கு அதிக நாள் பிடிக்கிறது. கண் ஜாக்குக்கே ஓடும், கையும் அதன் பின்னாலேயே போகும்.

தரைக்குத் தரை வளைவு மாறும். உருட்டிய பந்து ஏறக்குறைய 27 மீட்டர் போய் நிற்க எத்தனை விநாடி ஆகிறது என்று அளந்து, அதைத்தான் தரையின் வேகம் என்கிறார்கள். விநாடி கூடினால் தரை வேகமானது என்று அர்த்தம். கேட்பவர்களுக்கு முதலில் குழப்பமாக இருக்கும். வழுவழுப்பான தரையில் லேசாகத் தள்ளினாலே போதும். பந்து நிதானமாக, நெடுநேரம் உருண்டுகொண்டே இருக்கும். அடர்ந்த ஈரப் புல்லில் ஓங்கித் தள்ள வேண்டும், சீக்கிரம் நின்றுவிடும். நியூசிலாந்துத் தரைகள் வேகத்துக்குப் பேர்போனவை, இங்கிலாந்தின் புல்தரைகள் மெதுவானவை. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறுவது இதனால்தான்.

எங்களுக்கு வாய்த்தது ஆத்தங்குடிக் கல். கண்ணாடியின் மேல் வைத்து வார்க்கிற கல், அதன் வழவழப்பு உங்களுக்கே தெரியும். விரல் நுனியால் விட்டாலே எதிர்ச்சுவர் வரைக்கும் போகும். அதனால் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்த பச்சைக் கம்பளத்தை மேலே விரித்துக்கொள்கிறோம். கல்லும் கீறாது.

நால்வர் ஆட்டத்தில் நான்கு பேருக்கும் ஒரே வேலையா?

இல்லவே இல்லை. ஆளுக்கு இரண்டு பந்து, அணிக்கு எட்டு. 2022 காமன்வெல்த் போட்டியில் 15 எண்ட் ஆடினார்கள். ஆனால் நான்கு பேருக்கும் நான்கு வேலை.

முதலில் உருட்டுபவர் ‘லீட்’. தன் அணி தொடங்கும் எண்டில் ஜாக்கை உருட்டுவதும் அவர்தான். தன் அணிக்கு ஒத்துவரும் தூரத்தில் ஜாக்கை நிறுத்துவது தனி வித்தை. அவர் உருட்டும்போது எதிரே அதிகம் எதுவும் இருக்காது. ஏறக்குறைய காலியான தரையில் ஜாக்குக்குப் பக்கத்தில் போய் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ‘அவ்வளவுதான்’ என்று எழுதிவிட்டேன், ஆனால் அடுத்து வரும் மூன்று பேரின் வேலையும் அந்த இரண்டு பந்துகளைப் பொறுத்தே அமைகிறது.

‘செகண்ட்’ அதைப் பலப்படுத்துவார், அல்லது லீட் விட்டதைச் சரிசெய்வார். ‘தேர்ட்’ என்பவர் ஸ்கிப்புக்கு வலது கை. ஸ்கிப் உருட்ட வரும்போது ஜாக் பக்கம் நின்று வழிகாட்டுவதும், எண்ட் முடிந்ததும் எதிரணித் தேர்டுடன் சேர்ந்து புள்ளியை முடிவு செய்வதும் அவர். ‘ஸ்கிப்’ தலைவி. முதல் மூவர் உருட்டும்போது எதிர்முனையில் நின்று கையைக் காட்டி, குரல் கொடுத்து ஆட்டத்தை நடத்துவார். கடைசியாக வந்து உருட்டுவார். அந்த நேரத்தில் ஜாக்கைச் சுற்றிப் பன்னிரண்டு பந்துகள் கிடக்கும்.

பழகவரும் பிள்ளைகள் எல்லோரும் ஸ்கிப் ஆக வேண்டும் என்கிறார்கள். நான் எல்லோரையும் லீட்டில்தான் தொடங்க வைக்கிறேன்.

அளப்பதில் சண்டை வராதா?

இரண்டு தேர்டும் ஒத்துக்கொண்டால் புள்ளி. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் என்றால் டேப் எடுத்து அளப்பார்கள். அப்போதும் முடிவாகாவிட்டால் நடுவர் வருவார். ஜாக்கைத் தொட்ட பந்துக்கு சாக்பீஸால் அடையாளம் போடுவார்கள். அப்படித் தொட்ட பந்து தரையின் முனையில் உள்ள பள்ளத்தில் விழுந்தாலும் கணக்கில் இருக்கும். தொடாமல் விழுந்த பந்து செத்த பந்து.

உலகப் போட்டியில் ‘மகளிர் அணி’ என்றால் தனியாக ஓர் ஆட்டமா?

இதைத்தான் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். தனி ஆட்டம் இல்லை, எல்லா ஆட்டங்களின் கூட்டுத்தொகை.

ஒரு நாட்டிலிருந்து ஐந்து பெண்கள் போவார்கள். ஆட வேண்டிய பிரிவு நான்கு: தனிநபர், இருவர், மூவர், நால்வர். போட்டியின் ஒரு பாதியில் இருவர் ஆட்டமும் மூவர் ஆட்டமும் நடக்கும். இரண்டும் மூன்றும் ஐந்து. மறு பாதியில் தனிநபரும் நால்வரும். ஒன்றும் நாலும் ஐந்து. ஆக ஐந்து பேரும் இரண்டு பிரிவில் ஆடியாக வேண்டும். ஓரமாக உட்கார வைக்க ஆள் கிடையாது, ஒளித்து வைக்கவும் முடியாது.

நான்கு பிரிவிலும் அந்த நாடு எந்த இடத்தில் முடித்தது என்று பார்த்துப் புள்ளி கொடுப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டி, யாருக்கு அதிகமோ அவர்களுக்கு மகளிர் அணிக் கோப்பை. அதன் பெயர் டெய்லர் கோப்பை. ஆண்களுக்கு லெனர்டு கோப்பை.

இந்தக் கணக்கின் விளைவை யோசித்துப் பாருங்கள். தனிநபர் ஆட்டத்தில் உலகத்தையே ஜெயிக்கும் ஒருத்தி உங்களிடம் இருக்கலாம். மற்ற நால்வரும் தொடக்கத்திலேயே தோற்றுக்கொண்டிருந்தால் கோப்பை வராது. ஒரு தங்கம்கூட இல்லாமல், நான்கு பிரிவிலும் மேல் இடங்களில் நின்ற நாடு, ஒன்றில் தங்கமும் மற்றதில் அடிமட்டமுமாக நின்ற நாட்டை முந்திவிடலாம். ஐவரில் யார் தடுமாறுகிறாரோ, அவருக்காக நேரம் செலவழிக்கிற அணிதான் இந்தக் கோப்பைக்குப் பொருத்தமான அணி.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் கோவிலுக்கு ஒரு புள்ளி. வீடு பெரிதோ சின்னதோ, புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் வரி. நூறு புள்ளி உள்ள ஊரில் பத்துப் பெரிய புள்ளிகள் மட்டும் கொடுத்தால் அது ஊர்க்கணக்கு ஆகாது. எங்களுக்கு ஹாலைத் திறந்துவிடும் ஆச்சி இதைக் கேட்டுவிட்டு, “அப்ப அஞ்சு புள்ளியும் கட்டியாகணும்னு சொல்லுங்க டீச்சர்” என்றார். அதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பெண்களுக்கான உலகப் போட்டி எப்போது தொடங்கியது?

ஆண்களுக்கு 1966, பெண்களுக்கு 1969. இரண்டும் ஆஸ்திரேலியாவில், சிட்னியில். வெகுகாலம் தனித்தனியாகவே நடந்தன. 2008இல் நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில்தான் ஒரே இடத்தில் சேர்ந்து நடந்தது. பிறகு 2012 அடிலெய்டு, 2016 மறுபடி கிரைஸ்ட்சர்ச். 2020இல் நடக்க வேண்டியது கொரோனாவில் போனது. 2023இல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்டில் நடந்தது.

காமன்வெல்த் போட்டியில் காத்திருப்பு இன்னும் அதிகம். 1930இல் முதல் போட்டியிலேயே ஆண்களுக்கு லான் பவுல்ஸ் இருந்தது. பெண்களுக்கு 1982இல் பிரிஸ்பேனில்தான், அதுவும் மூவர் ஆட்டம் மட்டும். 52 வருஷம்! அந்த முதல் தங்கத்தை ஜிம்பாப்வே பெண்கள் எடுத்தார்கள். ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு இல்லை.

இந்தியப் பெண்கள் தங்கம் வாங்கினார்களே, அது இந்தக் கோப்பையா?

அது வேறு. 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நால்வர் பிரிவில் வாங்கிய தங்கம். லான் பவுல்ஸில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் பதக்கமே அதுதான். ஆட்டம் நடந்தது பர்மிங்காமுக்குச் சற்றுத் தள்ளி, லீமிங்டன் ஸ்பா என்ற ஊரின் விக்டோரியா பூங்காவில்.

லவ்லி சௌபே லீட், பிங்கி செகண்ட், நயன்மோனி சைகியா தேர்ட், ரூபா ராணி திர்க்கி ஸ்கிப். முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்றார்கள். அப்புறம் எழுந்து, காலிறுதியில் நார்ஃபோக் தீவையும் அரையிறுதியில் நியூசிலாந்தையும் தாண்டினார்கள். நியூசிலாந்து இந்த விளையாட்டில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு. அந்த ஆட்டம் 16-13.

ஆகஸ்ட் 2ஆம் தேதி இறுதி ஆட்டம், தென்னாப்பிரிக்காவுடன். 8-2 என்று நன்றாக முன்னால் போனவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். 8-8 ஆனது. பிறகு 10-8 என்று தென்னாப்பிரிக்கா முந்தியது. மீதம் இருந்தது நான்கே எண்ட். அந்த நான்கிலும் எதிரணிக்கு ஒரு புள்ளிகூட விடாமல் 17-10 என்று முடித்தார்கள். எங்கள் பிள்ளைகளிடம் இந்தக் கடைசி நான்கு எண்டைப் பற்றி நான் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

அங்கேயும் அந்த ஐந்து பேர் கணக்கு உண்டு. இந்திய மகளிர் அணியில் ஐந்தாவது ஆள் தானியா சௌத்ரி. நால்வரும் அந்தப் பக்கம் ஆடும்போது அவர் தனிநபரில் தனியாக நின்றார். இருவர் ஆட்டத்துக்கு லவ்லியும் நயன்மோனியும், மூவர் ஆட்டத்துக்குத் தானியா, பிங்கி, ரூபா ராணி. புகைப்படத்தில் நான்கு பேர்தான் பதக்கத்தோடு நிற்கிறார்கள். எங்கள் பிள்ளைகளை ஐந்து பெயரையும் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

அதே போட்டியில் இந்திய ஆண்கள் நால்வர் அணி வெள்ளி வாங்கியது.

பந்துகள் எங்கே கிடைத்தன?

மலேசியாவிலிருந்து. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த நாடு புதிதில்லை. தாத்தா காலத்தில் கொண்டுவிக்கப் போன வழி. ஆச்சியின் அண்ணன் மகன் கோலாலம்பூரில் இருக்கிறார். அங்கே புக்கிட் கியாராவில், 1998 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய பெரிய லான் பவுல்ஸ் மைதானம் இருக்கிறது. மலேசியப் பெண்கள் இதில் கெட்டிக்காரர்கள். சித்தி சலினா அகமது 2006 மெல்போர்ன் காமன்வெல்த் போட்டியில் தனிநபர் தங்கமே வாங்கினார். ஆச்சியின் அண்ணன் மகன் ஊருக்கு வரும்போது, பழைய பந்து இரண்டு செட் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு செட்டில் நான்கு பந்து, ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோவை ஒட்டி. இரண்டு செட்டையும் பெட்டியில் திணித்து அவர் எப்படித் தூக்கிவந்தார் என்று இன்னும் நினைத்துப் பார்க்கிறேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. கைக்குத் தகுந்த அளவு முக்கியம். இரண்டு கைகளின் கட்டைவிரல்களும் நடுவிரல்களும் பந்தின் நடுச்சுற்றைப் பிடித்தபடி தொட்டுக்கொண்டால் அந்த அளவு உங்களுக்குச் சரி. பெரிதாக வாங்கினால் கைநழுவும். எடையைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நம் ஊரில் புல்தரை போட முடியாதா?

முடியும், ஆனால் நான் கேட்க மாட்டேன். முழுத் தரை என்றால் பக்கத்துக்கு 40 மீட்டர் வரை உள்ள சதுரம். தட்டையாக, மேடு பள்ளம் இல்லாமல், மேஜை மாதிரி இருக்க வேண்டும். புல் ஒரு பிரச்சினையே இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பக்கம் பவுல்ஸ் தரையில் வளர்க்கும் ‘டிஃப்ட்வார்ஃப்’ என்ற புல், பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அந்த அருகம்புல்லின் கலப்பினம்தான். வெயிலைத் தாங்கும். ஆனால் தினமும் தண்ணீர் விட வேண்டும், ஒட்ட வெட்ட வேண்டும். மழைத் தண்ணீரை ஓடு வழியாக முற்றத்தில் பிடித்தும் ஊருணியில் தேக்கியும் குடித்து வளர்ந்த ஊர் இது. கோடையில் அந்தத் தண்ணீரைப் புல்லுக்கு ஊற்ற எனக்கு மனசு வராது.

செயற்கைக் கம்பளத் தரை போதும். சர்வதேசப் போட்டிகளே அதில் நடக்கின்றன. பெரிய தரை வேண்டாம், ஆறு மீட்டர் அகலமும் 35 மீட்டர் நீளமுமாக ஒரே ஒரு பாதை இருந்தால் ஓர் அணியையே தயார் செய்துவிடலாம். ஆச்சி வீட்டு ஹால் எவ்வளவு நீளமானாலும் 23 மீட்டர் வராது. முழுத் தூரம் உருட்டிப் பார்க்காமலேயே எங்கள் பிள்ளைகள் பழகுகிறார்கள், அதுதான் எனக்குள்ள ஒரே குறை. இடம் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை மனு கொடுத்தோம், பதில் வரவில்லை. நான்காவது மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எத்தனை வயதில் தொடங்கலாம்? எனக்கு ஐம்பத்தைந்து.

வாருங்கள். பர்மிங்காமில் ஸ்காட்லாந்தின் ரோஸ்மேரி லென்டன் மாற்றுத்திறனாளிகள் இருவர் ஆட்டத்தில் தங்கம் வாங்கியபோது அவருக்கு 72 வயது. முட்டி வலி இருந்தால் மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள். குனிந்து விடும் முறையை மாற்றிக் கற்றுக்கொடுக்கிறேன்.

சேலையில் ஆடலாமா?

பழகும்போது ஆடலாம், எங்களில் இருவர் ஆடுகிறார்கள். கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் சொருகினால் போதும், காலை முன்னால் எடுத்து வைத்துக் குனிய வேண்டுமல்லவா. போட்டிக்குச் சீருடை. குதிகால் இல்லாத தட்டைச் செருப்போ ஷூவோ கட்டாயம், தரையில் பள்ளம் விழக்கூடாது.

இதனால் என் மகளுக்கு வேலை கிடைக்குமா டீச்சர்?

நேர்மையாகச் சொல்ல வேண்டிய கேள்வி. நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். தங்கம் வாங்கியபோது லவ்லி சௌபே ஜார்க்கண்ட் போலீஸில் கான்ஸ்டபிள், ரூபா ராணி அதே மாநிலத்தில் விளையாட்டு அதிகாரி, பிங்கி டெல்லியில் உடற்கல்வி ஆசிரியை. வேலை பார்த்துக்கொண்டே ஆடியவர்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்குமிலும் அஸ்ஸாமில் குவாஹாட்டியிலும் தேசிய விளையாட்டுப் போட்டிக்காகத் தரை போட்டார்கள். தரை இருந்த இடத்தில் வீராங்கனைகளும் வந்தார்கள். இங்கே இன்னும் அது இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லவ்லி ஓட்டக்காரி, நயன்மோனி பளுதூக்குபவர். இருவருமே காயம்பட்டு, அந்த விளையாட்டைத் தொடர முடியாமல் இங்கே வந்தவர்கள். காயத்தால் ஓட்டத்தை விட்ட பெண்ணை எனக்கும் தெரியும். என்னிடம் படித்தவள், இப்போது எங்கள் லீட்.

டிவியில் பார்த்தால் எதைக் கவனிப்பது?

ஸ்கிப்பின் கடைசிப் பந்தைத்தான் கேமரா காட்டும். நீங்கள் எண்ட் தொடங்கும்போதே பார்க்க ஆரம்பியுங்கள். ஜாக்கை நீளமாக விடுகிறார்களா, குட்டையாகவா என்று பாருங்கள். எதிரணி எந்தத் தூரத்தில் தடுமாறியதோ அந்தத் தூரத்துக்கே திரும்பத் திரும்ப விடுவார்கள். லீட்டின் இரண்டு பந்தும் எங்கே நிற்கின்றன என்று குறித்துக்கொண்டு, எண்ட் முடிந்ததும் புள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அப்புறம் தேர்டின் முகத்தைப் பாருங்கள், டேப் வருவதற்கு முன்பே முடிவு அதில் தெரிந்துவிடும்.

ஒருநாள் வந்து பார்க்கலாமா?

ஞாயிறு காலை ஆறரைக்கு. ஹாலில் கல்யாணமோ சாந்தியோ இருந்தால் அன்று கிடையாது, முகப்பில் சீட்டு ஒட்டியிருப்போம். செருப்பைத் திண்ணையில் விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். இப்போதைக்கு நாங்கள் நான்கு பேர் ஒழுங்காக வருகிறோம். ஐந்தாவது ஆளுக்கு ஒரு ஜோடி பந்து எடுத்து வைத்திருக்கிறோம்.